மெழுகாக இருந்தால் நல்லது

"மெழுகுதானே?" என்றபடி வண்டிக்குள் ஏறினார் எய்வின்தூர்,
தொப்பியைக் கழற்றாமல்.
திங்கேரியில் அன்று மழை பக்கவாட்டில் பெய்தது.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில்
நிலத்துக்குள் விரல் விரலாய் நீள்கிறது கடல்.
வருஷத்துக்கு இரண்டு தடவை
ஒவ்வொரு விரலையும் சுற்றி வண்டி ஓட்டி வருகிறேன்.
எல்லாரும் மெழுகைத்தான் வேண்டிக்கொண்டு வருகிறார்கள்.

அவருக்கு முன்னால் வந்த பையனுக்கு
செவிப்பறைக்குப் பின்னால் கோந்து.
போன குளிர்காலத்துச் சளி வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது.
ஒரு துளை, ஒரு சின்னக் குழாய், மீண்டுவிடுவான்.
அவனுக்கும் முன்னால் சிகுர்லீனா.
பதினாறு வயதில், காசநோய் விடுதியில் போட்ட ஊசி
நெஞ்சைக் காப்பாற்றிவிட்டு
கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது.
"நல்ல பேரம்" என்று சிரித்தாள்,
என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எய்வின்தூர் காதில் மெழுகு இல்லை.
விளக்கடித்துப் பார்த்தேன்.
முத்துச் சாம்பல் நிறத்தில் பறை. கிழிசல் இல்லை.
அதன் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி:
கொல்லன் பட்டறையும் குதிரை லாயமும்
பட்டாணி அளவு அறைக்குள்.
அதற்கு அப்பால் என் விளக்கு போகாது.
அங்கே ஒரு நத்தை. நத்தைக்குள் உப்புநீர்,
கடலைவிட்டு ஏறியபோது ஒளித்து எடுத்துவந்தோமோ என்னவோ,
இரண்டு மூன்று சொட்டு.
நீருக்கடியில் பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள்
அலை வரச் சாயும், போக நிமிரும்,
சாய்ந்த சேதியை மூளைக்குச் சொல்லும்.
வாசலோரம் கீச்சொலிகளின் குடியிருப்பு;
உள்சுருளில் இடி.
எந்த ஓசை வந்தாலும்
வாசலை மிதித்துத்தான் உள்ளே போகவேண்டும்.

இருபத்தாறு வருஷம் மீன்படகின் அடியறையில்
டீசல் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர்.
"காதடைப்பான்?"
"அதை வைத்தால் எந்திரம் என்ன சொல்கிறதென்று தெரியாதே."
படகை விற்றாகிவிட்டதாம்.
ராத்திரியில் ஒரு விசில் மட்டும் நிற்பதில்லையாம்.
அதைக் குறிக்க என் தாளில் கட்டமில்லை.

கூண்டில் உட்காரவைத்தேன்.
ஓசை கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்.
அழுத்தினார், நான் எதுவும் அனுப்பாதபோதும்,
கண்ணாடி வழியே என் முழங்கை அசைவதைப் பார்த்து.
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
அதன்பின் பொத்தான் நெடுநேரம் சும்மா இருந்தது.

இரண்டாயிரம் அதிர்வு வரை
கோடு தாளில் ஒழுங்காகத்தான் நடந்து வந்தது.
நாலாயிரத்தில்,
பறவைப் பாறை விளிம்பிலிருந்து உருண்ட முட்டை.

சாவில் உயிர் போகும், மெய் கிடக்கும்.
காதில் தலைகீழ். முதலில் போவது மெய்:
ஸ், ஃப், த், க்.
உயிர் பின்தங்கி நிற்கும்
ஆவென்றும் ஓவென்றும்
உடம்பு தேடி.

மனைவி முணுமுணுக்கிறாள், அதுதான் சங்கதி என்றார்.
வெளியே காரில் இருந்தாள் அவள்.
பெயர் கேட்டேன்.
"ஸால்வோர்."
சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் நடுவில்
முதல் எழுத்து விழுந்துகொண்டிருந்தது,
எத்தனை வருஷமாகவோ.

"அந்த மயிர் மறுபடி முளைக்காதா?"
தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினார்.
இல்லை என்றேன்.
இரண்டு இடத்திலும்.

கடனுக்குக் கொடுக்கும் கருவியை மாட்டியதும் திடுக்கிட்டார்.
தன் மழைக்கோட்டின் சரசரப்பு.
கையை அசைத்தார். நிறுத்தினார். அசைத்தார்.
"இது எப்போதும் இப்படித்தான் கத்துமா?"
எப்போதும்.

கதவைத் திறந்தார். தகரக் கூரையில் மழை,
ஒவ்வொரு துளியும் தனித்தனியாக.
படியிலேயே நின்றுவிட்டார், நனைந்தபடி.

கார்க் கண்ணாடி இறங்கியது.
"என்ன சொன்னார்கள்?" என்று கத்தினாள் ஸால்வோர்,
பழக்க தோஷத்தில்.

"கத்தாதே" என்றார் எய்வின்தூர்.
கொஞ்சம் யோசித்து,
"மெழுகு" என்றார்.